எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்கும், ஹஜ்ரத்?

 

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மஃக்ரிபுத் தொழுகை முடிந்து பிள்ளைகள் ஓத வந்து அமர்வதற்கு முன்னர், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஹவுளின் ஓரத்தில் காத்து நின்றார். அவர் மனைவிக்கு இது முதற்பேறு; முப்பதாவது வாரம். இரத்த அழுத்தம் கூடிக்கொண்டே போகின்றது, கால்கள் வீங்கியுள்ளன. குறித்த தேதி வரை காத்திருக்க இயலாமற்போகலாம், குழந்தையை முன்கூட்டியே எடுக்க நேரிடலாம் என்று மருத்துவர் அன்று காலையில் கூறியிருக்கின்றார். "அப்படிப் பிறந்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், ஹஜ்ரத்?" என்பதே அவர் கேட்ட கேள்வி.

பிள்ளை தங்குமா என்று கேட்க அவருக்கு நா எழவில்லை. ஆகவே நாட்கணக்கைக் கேட்டார். 2009ஆம் ஆண்டில் நானும் இதே கேள்வியைத்தான் ஒரு செவிலியரிடம் கேட்டேன். என் மகன் 32 வாரத்தில் 1,450 கிராம் எடையுடன் பிறந்து, 34 நாட்கள் மருத்துவமனையில் இருந்தான். நான் மருத்துவன் அல்லன்; வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். அந்த 34 நாட்களில் கண்டதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் அவருக்குச் சொன்னேன். அவ்வாறு காத்திருக்கும் வீடுகள் நம்மில் இன்னும் பல இருக்கும் என்பதால் இங்கும் எழுதுகின்றேன்.

அவர் புறப்படும்போது தயங்கித் தயங்கி மற்றொன்றையும் சொன்னார். "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று உம்மா சொல்கிறார்கள். எட்டு பிறப்பதற்குள் எடுத்துவிட்டால் நல்லதில்லையா?" இதனைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். நம் வீடுகளில் மட்டுமன்று, நம் அண்டை வீட்டாரிடமும் வழங்கி வரும் பழைய நம்பிக்கை இது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் ஏடுகளிலேயே எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனியாக ஒன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை இருப்பதனால் ஒரு பிழை சரியாகிவிடாது. தாயும் சேயும் தாங்கும் வரை கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே. 32 வாரத்துக் குழந்தை 30 வாரத்துக் குழந்தையை விடவும், 34 வாரத்துக் குழந்தை 32 வாரத்துக் குழந்தையை விடவும் எளிதாகப் பிழைக்கும். எப்போது எடுப்பது என்பதைத் தாயின் இரத்த அழுத்தமும் குழந்தையின் நாடித்துடிப்பும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். மாதக் கணக்குப் பார்த்து நாம் அவசரப்படுத்த வேண்டாம்.

ஆறு மாதத்திலேயே பிள்ளை பிறக்கலாம் என்பதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், மணமான ஆறாம் மாதத்தில் பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியின் மீது பழி வந்தபோது, அலீ (ரலி) அவர்கள் திருமறையின் இரு இடங்களைச் சேர்த்துக் காட்டினார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகின்றது. ஓரிடத்தில் சுமப்பதும் பால் மறப்பதும் சேர்த்து 30 மாதம். இன்னோரிடத்தில் பாலூட்டல் இரண்டாண்டு. 24ஐக் கழித்தால் மீதி ஆறு. நம் ஃபிக்ஹு நூல்களில் கர்ப்பத்தின் குறைந்த காலம் ஆறு மாதம் என்று இருப்பது இந்தக் கணக்கினால்தான். குறைமாதப் பிள்ளை பெற்றவளின் நடத்தையையோ நடையையோ பற்றி அடுப்படியில் பேசும் சிலர் இதனை நினைவில் வைப்பது நன்று.

இனி, பேறு நிகழ்வதற்கு முன்னரே செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. நாட்கணக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை அவைதாம்.

ஒன்று, இடம். குறைமாதக் குழந்தையைச் சுமந்து செல்ல மிகச் சிறந்த வண்டி தாயின் வயிறே. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் பெற்று, பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுபது கிலோமீட்டர் ஓடுவதை விட, தாயை முன்கூட்டியே அத்தகைய பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவது எவ்வளவோ மேல். பழகிய மருத்துவர் இவர்தாம், உம்மா வீடு இங்கேதான் இருக்கிறது என்ற காரணங்கள் இந்த ஒரு விஷயத்தில் எடுபடா.

மற்றொன்று, ஸ்டீராய்டு ஊசி. 34 வாரத்துக்கு முன் பேறு நிகழக்கூடும் என்று தெரிந்தால் தாய்க்கு இந்த ஊசியைப் போடுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். இது தாய்க்கான மருந்தன்று. குழந்தையின் நுரையீரலை விரைவில் பக்குவப்படுத்துவது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். பிழைக்கவே கூடாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்தார். அதிலிருந்து தொடங்கி, ஹோவி என்பவருடன் சேர்ந்து 1972ஆம் ஆண்டில் தாய்மாரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை எண்ணற்ற குழந்தைகள் இந்த ஊசியால் பிழைத்துள்ளனர். "ஸ்டீராய்டு என்றால் கெடுதலாமே" என்று கையெழுத்திட மறுத்த ஒரு மாமனாரை நான் நேரில் பார்த்திருக்கின்றேன். தயவு செய்து மறுக்காதீர்கள். மருத்துவர் தாமாகச் சொல்லாவிடில் நீங்களே கேளுங்கள்.

நுரையீரல் என்றதும் ஒரு செய்தி. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்கும் சற்று மேல். பேட்ரிக் என்று பெயரிட்டார்கள். உலகின் தலைசிறந்த மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும், மூச்சுத்திணறலால் 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள் அக்குழந்தைக்குப் போதிய அளவு சுரந்திருக்கவில்லை. 1980ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திக் காப்பாற்றியதை வெளியிட்டார். இன்று நம் மாவட்டத் தலைநகர்களில் பிறக்கும் 34 வாரத்து, இரண்டு கிலோக் குழந்தைகளில் மிகப் பலர் சில நாட்களிலோ இரண்டொரு வாரத்திலோ வீடு திரும்புகின்றனர். அன்று ஒரு நாட்டின் அதிபருக்குக் கிட்டாதது இன்று ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிட்டுகின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

சரி, எத்தனை நாள்? மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான்: முதலில் குறித்த பேறுகாலத் தேதி எதுவோ, ஏறத்தாழ அதுவரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல குழந்தைகள் அதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னரே வந்துவிடும். மிகச் சிறியவையும், கிருமித் தொற்றோ நுரையீரல் கோளாறோ வந்தவையும் அத்தேதியைத் தாண்டியும் இருக்கும். நாளைச் சொல்லாமல் "பார்க்கலாம்" என்று செவிலியர் சொன்னால் அது அலட்சியமன்று. குழந்தை சில பாடங்களைக் கற்று முடிக்க வேண்டியிருக்கின்றது. நம் மதரஸாவில் ஒரு பிள்ளை எத்தனை நாளில் முப்பதாம் ஜுஸ்உவை மனனம் செய்யும் என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

முதற்பாடம் மூச்சு. குறைமாதக் குழந்தை சில வேளைகளில் மூச்சு விட மறந்துவிடும். இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேல். கருவியில் மணி அடிக்கும், செவிலியர் உள்ளங்காலை மெல்லத் தட்டுவார், குழந்தை மீண்டும் மூச்சு விடும். முதன்முறை அந்த மணியைக் கேட்டபோது என் கால்கள் நடுங்கின. இதற்குத் தரும் மருந்து கஃபீன், நாம் அருந்தும் காப்பியில் உள்ள அதே பொருள். மணி அடிக்காமல் தொடர்ந்து பல நாட்கள் கழிந்த பின்னரே வீட்டுக்கு விடுவார்கள். இரண்டாவது, கண்ணாடிப் பெட்டியின் உதவியின்றித் தன் உடற்சூட்டைத் தானே காப்பது. மூன்றாவது, உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சையும் ஒன்றோடொன்று இணைப்பது. இது பெரும்பாலும் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ சிறு குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் போகும். இவை மூன்றும் வந்து, எடையும் சீராக ஏறினால் வீடு. முதல் வாரத்தில் எடை பிறந்ததை விடக் குறையும்; அது இயல்பு. பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் ஆகலாம். இது தெரியாமல் ஐந்தாம் நாள் நான் செவிலியருடன் வாதாடி, பின்னர் வருத்தம் தெரிவித்தேன்.

இப்பாடங்களில் இரண்டுக்கு ஆசிரியை தாயே. இதைத்தான் நான் நம் வீட்டுப் பெரியவர்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன்.

2009இல் எங்களை உள்ளே விடவில்லை. காலையும் மாலையும் பத்து நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம், அவ்வளவே. இப்போது அறிவு மாறியுள்ளது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978ஆம் ஆண்டில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைக்க நேர்ந்தபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி வைக்கச் சொன்னார். ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்று பலர் எண்ணினர். இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளில், பிறந்தவுடன் தாயின் மார்பில் சேர்த்த பிரிவில் முதல் 28 நாட்களில் இறந்தவை நூற்றுக்கு 12. நிலை சீரான பின்னரே சேர்த்த பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 16. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. கங்காரு பராமரிப்பு என்று செவிலியர் சொல்வது இதுவே.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? பெற்றவளை நாற்பது நாள் அறைக்குள் வைத்து, பிள்ளையை மட்டும் மருத்துவமனையில் விட்டு, வாப்பா மட்டும் போய் வருகின்றார். நிஃபாஸுடைய காலத்தில் தொழுகையும் நோன்பும் இல்லை என்பதுதான் சட்டம். வீட்டுப் படி தாண்டக்கூடாது, பிள்ளையை ஏந்தக்கூடாது என்று எந்த மத்ஹபிலும் இல்லை. வெளியே போனால் காற்றுப் பிடிக்கும் என்பது பாட்டிமார் சட்டம். உடல் தேறி மருத்துவர் அனுமதித்ததும் அவளை அங்கே அனுப்புங்கள். உடன் ஒருவர் செல்லுங்கள். அவளுக்குரிய பத்தியச் சோற்றை அங்கே கொண்டு போய்க் கொடுங்கள். ஹிஜாபுக்கு இடையூறு என்று தயங்கினால், திரை கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். தாயால் இயலாத வேளையில் தந்தையும் மார்பில் ஏந்தலாம். ஆணின் அவ்ரத் தொப்புளுக்குக் கீழேதான் தொடங்குகின்றது. ஆகவே வாப்பாமார்களுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை!

அடுத்தது பால். பிள்ளை குடிக்காதபோது பால் எதற்கு என்று எண்ணி விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் சுரப்பு வற்றிவிடும். பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையேனும் பீய்ச்சி எடுக்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் அரைத் தேக்கரண்டியே இருந்தாலும் அதை எறிந்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் கொடிய நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அது குறைவாகவே வருகின்றது.

தாய்க்குப் பால் போதாதபோது சில மருத்துவமனைகள் தாய்ப்பால் வங்கியிலிருந்து பிற பெண்களின் பாலைத் தரும். மும்பை சயான் மருத்துவமனையில் 1989ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் வங்கி தொடங்கியது. தமிழகத்திலும் இப்போது பல இடங்களில் உள்ளன. இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது: பால்குடி உறவு. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை நிறைவாகக் குடித்தால் உறவு ஏற்படும். ஹனஃபியில் சிறிதளவே போதும். ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1985ஆம் ஆண்டில், முஸ்லிம் நாடுகளில் இத்தகைய வங்கிகளை நிறுவுவதையும் அவற்றிலிருந்து ஊட்டுவதையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே யூசுஃப் அல் கர்ளாவி அவர்கள், கொடுத்தவர் யாரென்றே அறியாத நிலையில் உறவு உறுதியாகாது என்று அனுமதித்திருந்தார்கள். ஐரோப்பிய ஃபத்வாக் குழுவும் 2004ஆம் ஆண்டில், தேவை ஏற்பட்டால் கூடும் என்றது. நான் ஃபத்வா கொடுக்கும் தகுதியுடையவன் அல்லன். நான் சொல்வது இதுதான்: இக்கேள்வியை நள்ளிரவில் செவிலியர் பாற்குப்பியுடன் நிற்கும்போது எழுப்பாதீர்கள். பேற்றுக்கு முன்னரே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, உங்கள் முடிவை மருத்துவரிடம் சொல்லி, குறைமாதத்துக்கென்று உள்ள மாவுப்பால் பொருந்துமா, கொடுப்பவர் யாரென்று அறிய வழி உண்டா என்று விசாரித்து வையுங்கள். தாயின் பால் சுரப்பைக் காப்பதற்கு மருமகளுக்கு இரவில் துணையாக விழித்திருக்கும் ஒரு மாமியார் இருந்தால், இக்கேள்வியே பல வீடுகளில் எழாது. உறவுப் பெண் எவரேனும் மருத்துவமனையின் சோதனைக்குப் பின் பால் கொடுத்தால், பெயரையும் தேதியையும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாமன், மாமி பிள்ளைகளுக்குள் சம்பந்தம் பேசும் வழக்கமுள்ள நமக்கு அது பின்னாளில் தேவைப்படும்.

மற்றச் சடங்குகளில் அவசரம் வேண்டாம். பாங்கைக் காதருகே மெல்லிய குரலில் சொல்ல அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெயரை ஏழாம் நாள் மருத்துவமனையிலேயே சூட்டலாம். தஹ்னீக் ஸுன்னத்துத்தான், கட்டாயமன்று. பேரீச்சம்பழமோ தேனோ அந்தப் பிஞ்சு வாயில் மருத்துவர் அனுமதியின்றி வைக்காதீர்கள். தேன் எந்தக் குழந்தைக்கும் ஓராண்டு வரை ஆகாது. முடி இறக்குவதும் அகீகாவும் பிள்ளை வீடு வந்து சதை பிடித்த பின் ஆகட்டும். சிறிய தலையிலிருந்துதான் உடற்சூடு மிகுதியாக வெளியேறுகின்றது. ஆகவேதான் அங்கே அவற்றுக்குத் தொப்பி அணிவித்திருக்கிறார்கள்.

செலவைப் பற்றி ஒரு சொல். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, வண்டி அனைத்தும் இலவசம் என்று 2011ஆம் ஆண்டில் மத்திய அரசின் திட்டம் வந்தது; பின்னர் அது ஓராண்டு வயது வரை நீட்டிக்கப்பட்டது. தனியாரிடம் செல்வோர் ஒரு நாளுக்கு என்ன ஆகும் என்பதை முதல் நாளே கேட்டு, முன்னர்ச் சொன்ன தேதிக்கணக்கோடு பெருக்கிப் பாருங்கள். பத்தாம் நாள் பணம் தீர்ந்து பிள்ளையைப் பாதியில் எடுத்து வருவதை விட அது நல்லது. கடன்பட்டுத் தவிக்கும் தந்தை ஜகாத்துக்கு உரியவர். பைத்துல்மால் வைத்துள்ள ஜமாஅத்துகள் அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் வரலாம். வெளியே பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். பிறந்த முப்பது நாளுக்குள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மிகச் சிறியவற்றுக்கு இன்னும் முன்னதாக. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பெரும்பாலான குழந்தைகளின் பார்வை காக்கப்படும். எங்களுக்கு அடுத்த தொட்டிலில் இருந்த பிள்ளை எங்கள் மகனுக்கு முன்னரே, இருபத்திரண்டாம் நாள் வீடு சென்றது. அன்று இனிப்புக் கொடுத்து, எல்லாரையும் துஆச் செய்யச் சொல்லிப் புறப்பட்டார்கள். தூரத்து ஊர், கண் பரிசோதனைக்குத் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் பிள்ளை இப்போது பார்வையற்றோர் பள்ளியில் படிக்கின்றாள். அவள் தந்தை இன்றும் நோன்புப் பெருநாளில் எனக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வார். ஆகவே வீடு செல்லும் நாளில் உங்கள் கையில் தரும் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கின்றதா என்று பார்த்த பின்னரே வண்டியில் ஏறுங்கள்.

வீடு வந்தபின் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு, "இன்னும் தலை நிற்கவில்லையே" என்று தாயைக் குடையாதீர்கள். தலை நிற்பது, தவழ்வது, நடப்பது எல்லாவற்றையும் முதலில் குறித்த பேறுகாலத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்கு. என் மகன் பதினைந்து மாதத்தில்தான் நடந்தான். இப்போது என் தோளைத் தாண்டிவிட்டான்; பள்ளி விட்டால் மட்டைப்பந்து, வேறு நினைவே கிடையாது.

என் மாணவரின் மனைவிக்கு ஊசி நான்கும் போட்டு, ஒரு வாரம் தள்ளி, 31 வாரம் கடந்தபின் அறுவையில் பெண் குழந்தை பிறந்தது. 1,280 கிராம். மூக்கில் காற்றழுத்தக் கருவி நான்கு நாள் இருந்தது. ஆறாம் நாள் எடை 1,170க்கு இறங்கியது. அவர் பதறி அழைத்தார், இயல்பு என்றேன். உம்மா எட்டாம் மாதப் பேச்சை விட்டுவிட்டு, இப்போது நாள்தோறும் காலையில் மருமகளுடன் பேருந்தில் மருத்துவமனைக்குப் போகின்றார்கள். தந்தை ஃபஜ்ருக்குப் பின் எனக்கு வேறொன்றும் எழுதாமல் எடையை மட்டும் அனுப்புவார். இன்று பத்தொன்பதாம் நாள். வந்த எண் 1,410. வாசகர்களும் துஆச் செய்யுங்கள்.